கரண்ட் போய் எழுந்த ரெப்ளிகா, எங்கே விட்டோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது?

கேள்வியின் சுருக்கம்: வேலூர் மண்டி வீதியில் அரிசி மொத்த வியாபாரம். பில்லிங் சர்வர் அங்கே இருக்கிறது, அதன் ரெப்ளிகா, அதாவது டேட்டாவைத் தொடர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளும் நகல் சர்வர், குடியாத்தம் கிளையில். இரண்டிலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்பு, செட்டிங் எதையும் பெரிதாக மாற்றவில்லை. ஒரு மதியம் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல், குடியாத்தம் சர்வர் சட்டென்று அணைந்துவிட்டது. திரும்பப் போட்டபோது டேட்டாபேஸ் ஒழுங்காக எழுந்தது. ரெப்ளிகேஷன் (இந்த நகலெடுக்கும் வேலை) மட்டும் 1062, அதாவது 'இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழையோடு நின்றுவிட்டது. எங்கே விட்டோம் என்று ரெப்ளிகாவுக்கு எப்படித் தெரிகிறது, இத்தனை லாக் இருந்தும் ஏன் இப்படி ஆகிறது, அந்தப் பிழையை ஸ்கிப் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு ஸ்கிப் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு அதை முடிவு செய்துகொள்ளலாம். நம் பக்கத்தில் ஏப்ரல், மே வந்தாலே டிரான்ஸ்ஃபார்மர் திணறும், இந்தக் கேள்வியும் கூடவே வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மண்டியிலேயே பழைய கணக்குப்பிள்ளை எப்படி வேலை செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். மூட்டை வந்தாலும் போனாலும் முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவிடுவார். சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் அந்தந்த ஆளின் பேரேட்டுப் பக்கத்தில் ஏற்றுவார். ஏற்றி முடித்த வரிக்குக் குறிப்பேட்டில் ஒரு டிக். பாதியில் எழுந்து போனாலும், திரும்பி வந்து டிக் இல்லாத வரியிலிருந்து தொடரலாம். ஆனால் பேரேட்டில் ஏற்றிவிட்டு, டிக் போடுவதற்குள் யாராவது கூப்பிட்டு எழுந்து போயிருந்தால்? வந்து அதே வரியை இன்னொரு தடவை ஏற்றுவார். மாறாக, டிக்கை முதலில் போட்டுவிட்டு எழுந்திருந்தால் அந்த வரி பேரேட்டில் ஏறவே ஏறாது. உங்கள் ரெப்ளிகாவில் நடந்தது முதல் வகை. குறிப்பேடு பத்திரமாகத்தான் இருந்தது, பேரேடும் பத்திரமாகத்தான் இருந்தது. டிக் மட்டும் காணாமல் போனது. ரெப்ளிகேஷன் கிராஷைத் தாங்குமா தாங்காதா என்பது பெரும்பாலும் இந்த டிக்கை எங்கே, எப்போது எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இனி மைஎஸ்க்யூஎல் மொழியில் பார்க்கலாம். வேலூர் சர்வரில் கமிட் ஆகும், அதாவது உறுதியாகும், ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் (ஒன்றாகச் சேர்ந்து நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) பைனரி லாகில், சுருக்கமாகப் பின்லாகில், எழுதப்படுகிறது. பின்லாக் என்பது எண் போட்ட கோப்புகளின் வரிசை. 000087-வது கோப்பில் இத்தனாவது பைட் என்று சொன்னால் ஓர் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடலாம். குடியாத்தத்தில் இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கும் வேலைகள்) ஓடுகின்றன. ஐஓ திரெட் வேலூரோடு இணைப்பு வைத்துக்கொண்டு, பின்லாகில் வருவதை அப்படியே இழுத்து ரிலே லாக் என்ற கோப்பில் எழுதிவைக்கும். எஸ்க்யூஎல் திரெட் அந்த ரிலே லாகைப் படித்து டேபிள்களில் செலுத்தும். இரண்டும் தனித்தனி வேகத்தில் போகின்றன. அதனால் 'எங்கே இருக்கிறோம்' என்பதற்கு ஒரு பதில் கிடையாது, இரண்டு பதில் உண்டு: எதுவரை இழுத்தோம், எதுவரை செலுத்தினோம்.

'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் இரண்டும் தெரியும். 'ரீட் மாஸ்டர் லாக் பாஸ்' என்பது இழுத்த இடம். 'எக்ஸெக் மாஸ்டர் லாக் பாஸ்' என்பது செலுத்திய இடம், இதைப் பக்கத்தில் உள்ள 'ரிலே மாஸ்டர் லாக் ஃபைல்' என்ற கோப்புப் பெயரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவசரத்தில் பலரும் மேலே முதலில் கண்ணில் படும் ரீட் எண்ணை எடுத்து, அங்கிருந்து ரெப்ளிகேஷனைத் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள். இழுத்து வைத்து இன்னும் செலுத்தாத டிரான்சாக்ஷன்கள் அத்தனையும் அந்த நிமிடமே தொலைந்துபோகும், ஒரு பிழையும் காட்டாது. அதேபோல 'செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்' சைபர் என்று காட்டினால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இழுத்ததை எல்லாம் செலுத்தியாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். லைன் மெதுவாக இருந்து வேலூரில் இருப்பதை இன்னும் இழுக்கவே இல்லை என்றாலும் சைபர் காட்டும்.

சரி, செலுத்திய இடம் எங்கே சேமிக்கப்படுகிறது? 5.7-இல் யாரும் மாற்றாவிட்டால், டேட்டா டைரக்டரியில் 'ரிலே-லாக்.இன்ஃபோ' என்ற சின்ன டெக்ஸ்ட் கோப்பில். திறந்து பாருங்கள், சில வரிகள்தான் இருக்கும். ரிலே லாக் கோப்பின் பெயர், அதில் எந்த பைட், அதற்கு நேரான வேலூர் பின்லாக் கோப்பின் பெயர், அதில் எந்த பைட்: முக்கியமானவை இந்த நான்கும்தான். எஸ்க்யூஎல் திரெட் ஒரு டிரான்சாக்ஷனை கமிட் செய்துவிட்டு, அதன் பிறகு இந்தக் கோப்பைத் திருத்துகிறது. பிறகு என்பதைக் கவனியுங்கள். இரண்டும் தனித்தனி வேலை, நடுவில் இடைவெளி இருக்கிறது.

இடைவெளி சிறியதுதானே, மில்லிசெகண்ட் கூட இல்லையே என்று தோன்றலாம். மைஎஸ்க்யூஎல் புரோசஸ் மட்டும் செத்து லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது சரிதான். எழுதிய வரி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெமரியில் இருக்கும், சாவகாசமாக டிஸ்குக்குப் போய்விடும். கரண்ட் போனால் கதை வேறு. கோப்பில் எழுதுவது ஒன்று, அதை டிஸ்கில் பதியவைக்கும் எஃப்சிங்க் இன்னொன்று. 5.7-இல் இந்தக் கோப்புக்கு 'சிங்க் ரிலே லாக் இன்ஃபோ' என்ற செட்டிங்கின் இயல்பு மதிப்பு 10000. பத்தாயிரம் டிரான்சாக்ஷனுக்கு ஒருமுறைதான் மைஎஸ்க்யூஎல் வலியப் போய் டிஸ்கில் பதியவைக்கும். நடுவில் லினக்ஸ் தானாகப் பதிவதுதான், அது வழக்கமாக அரை நிமிடம் பழசானவற்றை எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்களைச் சேமிக்கும் இயல்பான எஞ்சின் இன்னோடிபி, அதன் டேபிள்கள் அப்படி இல்லை. 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' இயல்பாக 1, ஒவ்வொரு கமிட்டுக்கும் ரீடு லாக் (கிராஷுக்குப் பிறகு மாற்றங்களைத் திரும்ப ஓட்ட இன்னோடிபி வைத்திருக்கும் சொந்த லாக்) டிஸ்கில் பதிந்துவிடும். ஆக உங்கள் குடியாத்தம் சர்வரில், பில்கள் கரண்ட் போன கணம் வரை இருக்கின்றன. அந்தச் சின்னக் கோப்பு மட்டும் கொஞ்ச நேரம் முந்தைய இடத்தைக் காட்டுகிறது. ரெப்ளிகா அதை நம்பி அங்கிருந்து ஆரம்பித்தது. முதல் பில்லையே இரண்டாம் முறை இன்சர்ட் செய்யப் போய் 1062.

1062 வந்தது நல்லது. நீங்கள் ரோ ஃபார்மட்டில் இருக்கிறீர்கள், 5.7-இன் இயல்பு அதுதான். மாறிய பதிவு எப்படி இருந்தது, எப்படி ஆனது என்பதுதான் அதில் லாகில் போகும். ஒரே இன்சர்ட் இரண்டு முறை வந்தால் கீ மோதும், ஒரே டெலீட் இரண்டு முறை வந்தால் பதிவு கிடைக்காமல் 1032 வரும். இதையே பழைய ஸ்டேட்மென்ட் ஃபார்மட்டில் வைத்திருந்து, 'ஸ்டாக்கிலிருந்து 10 மூட்டை கழி' என்ற வாக்கியம் இரண்டு முறை ஓடியிருந்தால், ரெப்ளிகா ஒரு வார்த்தை சொல்லாமல் 20 மூட்டையைக் கழித்துவிட்டு மேலே போயிருக்கும். மாதக் கடைசியில் குடோனில் எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரியவரும், அதற்குள் காரணத்தைத் தேடிப் பிடிக்க வழியே இருக்காது. அதனால்தான், கான்ஃபிக் கோப்பில் 'ஸ்லேவ் ஸ்கிப் எரர்ஸ்' என்று 1062-ஐ எழுதி வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் என்கிறேன். உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணியைக் கழற்றிப் போடுகிற வேலை அது.

இதற்கு நிரந்தர வழி 2013-இல் 5.6 பதிப்போடு வந்துவிட்டது, 5.7-இல் நாமாக ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 'ரிலே லாக் இன்ஃபோ ரெப்பாசிட்டரி' என்ற செட்டிங்கை 'ஃபைல்' என்பதிலிருந்து 'டேபிள்' என்று மாற்றினால், செலுத்திய இடம் ஓர் இன்னோடிபி டேபிளுக்குப் போய்விடுகிறது. பில்லை இன்சர்ட் செய்யும் அதே டிரான்சாக்ஷனுக்குள் அந்த டேபிளும் திருத்தப்படுகிறது. கமிட் ஆனால் இரண்டும் ஆகும், ஆகாவிட்டால் இரண்டும் ஆகாது. நடுவில் கரண்ட் போக இடமே இல்லை. உங்கள் டேபிள்களும் இன்னோடிபியாக இருந்தால்தான் இது பலிக்கும். டிரான்சாக்ஷன் வசதி இல்லாத பழைய மைஐசாம் வகை டேபிள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கூடவே 'ரிலே லாக் ரெகவரி'யை ஆன் செய்ய வேண்டும். கரண்ட் போனபோது ரிலே லாகின் கடைசிப் பகுதி பாதி எழுதப்பட்டுச் சிதைந்திருக்கலாம், ஐஓ திரெட்டின் குறிப்பும் பழசாக இருக்கலாம். இந்த செட்டிங் இருந்தால், சர்வர் எழும்போது செலுத்தாமல் மிச்சமிருக்கும் ரிலே லாகை நம்பாமல் ஒதுக்கிவிட்டு, செலுத்திய இடத்திலிருந்து வேலூரிடம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். மூலம் வேலூரில் பத்திரமாக இருக்கும்போது நகலைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது அருமையான யோசனை. 8.0-இல் 'டேபிள்' இயல்பாகவே வந்துவிட்டது, ஆனால் ரிலே லாக் ரெகவரி அங்கேயும் இயல்பாக ஆஃப்தான். புதிய பதிப்புக்குப் போனாலும் இதை மறக்காதீர்கள். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, எப்படியும் 8.4-க்குப் போகத்தான் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அழகு ஒரு விஷயத்தில் நன்றாகத் தெரியும். சில இடங்களில் ரெப்ளிகாவின் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று, மேலே சொன்ன இன்னோடிபி ஃப்ளஷ் செட்டிங்கை 2 ஆக வைப்பார்கள். கரண்ட் போனால் சுமார் ஒரு விநாடி டேட்டா போய்விடும். போனால் போகட்டும், இடக்குறிப்பும் அதே இன்னோடிபிக்குள் இருப்பதால் அதுவும் கூடவே பின்னால் போய்விடும். ரெப்ளிகா கொஞ்சம் முன்னாடியிருந்து ஆரம்பிக்கும், இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், கணக்கு நேராகிவிடும். ஆனால் ரெப்ளிகா தன் பங்குக்கு ஒரு பின்லாக் எழுதி, ஜிடிஐடியும் (ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) பயன்படுத்தினால் இதைச் செய்யக்கூடாது. அங்கே 'எதுவரை முடித்தேன்' என்பது அந்தப் பின்லாகிலிருந்து கணக்கிடப்படுகிறது. பின்லாக் பிழைத்து டேட்டா போயிருந்தால், செலுத்தாததைச் செலுத்தியதாக ரெப்ளிகா நினைத்துக்கொள்ளும். டிக்கை முதலில் போட்ட கதைதான் அது.

இதே சிக்கல் வேலூர் பக்கத்திலும் இருக்கிறது. அங்கே ஒரு கமிட்டுக்கு இரண்டு லாக்: இன்னோடிபியின் ரீடு லாக், அதற்கு மேலே பின்லாக். ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் போனால் இரண்டு ஊர்க் கணக்கும் பிரிந்துவிடும். அதற்காக மைஎஸ்க்யூஎல் கமிட்டை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதலில் இன்னோடிபி 'தயார்' என்று எழுதிக்கொள்ளும். அப்புறம் டிரான்சாக்ஷன் பின்லாகில் எழுதப்படும், முடிவில் அதற்கென ஓர் எக்ஸ்ஐடி எண்ணும் சேரும். அதன் பிறகுதான் இன்னோடிபியில் கமிட். நடுவில் கிராஷ் ஆனால், எழும்போது கடைசிப் பின்லாகைப் படித்துப் பார்க்கும். 'தயார்' நிலையில் நிற்கும் டிரான்சாக்ஷனின் எக்ஸ்ஐடி பின்லாகில் இருந்தால் கமிட் செய்யும், இல்லாவிட்டால் ரோல்பேக், அதாவது மாற்றத்தை ரத்து செய்துவிடும். அதாவது சந்தேகம் வந்தால் பின்லாக் சொல்வதுதான் தீர்ப்பு.

தீர்ப்புச் சொல்லும் லாக் டிஸ்கில் இருந்தால்தானே? 'சிங்க் பின்லாக்' 1 ஆக இருக்க வேண்டும், 5.7.7 முதல் இயல்பே அதுதான். ஆனால் வேகத்துக்காக யாரோ 0 ஆக்கி வைத்த சர்வர்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி இருந்து வேலூரில் கரண்ட் போனால், பின்லாகின் வாலை இழக்கும். ஆனால் குடியாத்தம் அந்த வாலை ஏற்கெனவே இழுத்துச் செலுத்தியிருக்கும்! மூலத்தில் இல்லாத பில் நகலில் இருக்கும். அடுத்து, ரெப்ளிகா கேட்கும் இடம் வேலூரின் கோப்பு அளவையே தாண்டி நிற்கும். 1236 என்ற பிழை வரும். இதைப் பார்த்தால் கிளை சர்வரைக் குற்றம் சொல்லாமல், வேலூரில் அந்த செட்டிங்கைப் பாருங்கள்.

1236 இன்னொரு காரணத்தாலும் வரும். மைஎஸ்க்யூஎல்லில் மூல சர்வர், எந்த ரெப்ளிகாவுக்கு எதுவரை தேவை என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இணைப்பில் இருந்து படித்துக்கொண்டிருக்கும் கோப்பை மட்டும் அழிக்காது. கிளை சர்வர் ரிப்பேருக்குப் போய் நாளாகிவிட்டால் பழைய பின்லாகை அழித்துவிடும், 8.0-இல் இயல்பான ஆயுள் 2592000 விநாடி, அதாவது 30 நாள். அதைத் தாண்டினால் ரெப்ளிகாவைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2014-இல் 9.4 பதிப்போடு ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்ற ஏற்பாடு வந்தது. ரெப்ளிகா எதுவரை பெற்றது என்பதை மூலமே டிஸ்கில் குறித்து வைத்து, அதற்கு மேல் உள்ள லாகை அழிக்காமல் காத்திருக்கும். இதில் வேறு ஆபத்து: செத்துப்போன ரெப்ளிகாவின் ஸ்லாட்டை யாரும் நீக்காமல் விட்டால் லாக் சேர்ந்து சேர்ந்து மூல சர்வரின் டிஸ்கே நிரம்பிவிடும். 13-ஆம் பதிப்பில் இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்க வசதி செய்தார்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: டேட்டாபேஸ் ஒழுங்காக எழுந்தது, ரெப்ளிகேஷன் மட்டும் தடுமாறியது. ஏன் இந்த வித்தியாசம்? இன்னோடிபியும் கிராஷுக்குப் பிறகு தன் ரீடு லாகைக் கடைசி செக்பாயின்டிலிருந்து (அதுவரையிலான மாற்றங்கள் டிஸ்கில் ஏறிவிட்டன என்று குறித்த இடம்) திரும்ப ஓட்டத்தான் செய்கிறது. ஏற்கெனவே டிஸ்கில் ஏறிய மாற்றங்களையும் மறுபடி சந்திக்கிறது. ஆனால் இரண்டு முறை ஏற்றிவிடுவதில்லை. காரணம், டேபிள் கோப்பில் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் (பேஜ்) தலையிலும் 'என்மேல் கடைசியாக ஏறிய மாற்றம் லாகில் இந்த இடத்தில் இருக்கிறது' என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது. எல்எஸ்என் என்பார்கள். லாகில் வரும் மாற்றத்தின் எண் அதைவிடச் சின்னதாகவோ சமமாகவோ இருந்தால், ஏறியாகிவிட்டது என்று விட்டுவிடும். டிக் பேரேட்டின் பக்கத்திலேயே இருக்கிறது, தனியாகத் தொலைய வழியில்லை.

இந்த முறையை முழுமையாக வகுத்துச் சொன்னது 1992-இல் வெளிவந்த ஏரிஸ் என்ற ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம் ஆய்வகத்துக்குப் போனவர். இன்று நாம் தொடும் பல டேட்டாபேஸ்களின் அடியில் அந்தச் சிந்தனை ஓடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். போஸ்ட்கிரெஸ்ஸின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா இந்த அடித்தள லாகையே நேரடியாக வாங்கி ஓட்டுகிறது. அதனால் கரண்ட் போனாலும் கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து திரும்ப ஓட்டினால் போதும், இரட்டிப்பாகாது. மைஎஸ்க்யூஎல்லின் பின்லாக் அந்த அடுக்குக்கு மேலே, பதிவுகளின் அளவில் பேசுகிறது. பதிப்பு மாறினாலும் வேலை செய்யும், படிக்கவும் எளிது, ஆனால் பக்கத்தின் எண் அதற்கு உதவாது. எனவேதான் தனிக் குறிப்பு, அதைக் காக்கத் தனி ஏற்பாடு.

இப்போது குடியாத்தத்தில் செய்ய வேண்டியது. ரெப்ளிகேஷனை நிறுத்தியே வைத்திருங்கள். ஸ்டேட்டஸில் உள்ள எக்ஸெக் இடத்தைக் குறித்துக்கொண்டு, வேலூரில் மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியை விரிவான காட்சியோடு அந்த இடத்திலிருந்து ஓட்டுங்கள். டிரான்சாக்ஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் உள்ள பில் எண் குடியாத்தத்தில் இருக்கிறதா, உள்ளே இருப்பதும் அதேதானா என்று பாருங்கள். இருக்கிறது, இருக்கிறது என்று போய், ஓரிடத்தில் இல்லை என்று வரும். ஒற்றைத் திரெட்டில் வரிசையாகச் செலுத்துவதால் அந்த எல்லை சுத்தமாக இருக்கும். இல்லாத முதல் டிரான்சாக்ஷன் தொடங்கும் இடத்தை 'சேஞ்ச் மாஸ்டர்' கட்டளையில் கோப்புப் பெயரோடு கொடுங்கள். பழைய ரிலே லாக் நீங்கி, அங்கிருந்து புதிதாக வரும்.

டிரான்சாக்ஷன் ஏராளமாக இருந்தால், எல்லா டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் கீ) இருக்கும்பட்சத்தில், 'ஸ்லேவ் எக்ஸெக் மோட்' என்பதைத் தற்காலிகமாக 'ஐடெம்பொட்டென்ட்' ஆக்கிவிட்டு ஓட்டலாம். இருக்கும் பதிவின் மேலேயே எழுதிக்கொண்டு, இல்லாததை அழிக்கச் சொன்னால் பேசாமல் கடந்துபோகும். கரண்ட் போன நேரத்தைத் தாண்டியதும் மறக்காமல் 'ஸ்ட்ரிக்ட்'டுக்கு மாற்றுங்கள். அதுவரை குடியாத்தத்தில் யாரும் ரிப்போர்ட் எடுக்க வேண்டாம், நடுவில் பழைய எண்கள் தெரியும். வெறுமனே ஒவ்வொன்றாக ஸ்கிப் கொடுத்துக்கொண்டே போவது மட்டும் வேண்டாம். பிழை காட்டும் டிரான்சாக்ஷனைத்தான் அது தாண்டும், உண்மையிலேயே புதிதான ஒன்றை நீங்கள் எப்போது தாண்டினீர்கள் என்று பிறகு தெரியாது.

எது செய்தாலும், பெர்கோனா டூல்கிட் என்ற கருவித் தொகுப்பில் உள்ள பிடி-டேபிள்-செக்சம் ஓட்டி இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகுதான் நம்புங்கள். செட்டிங் மாற்றத்தை இதற்குப் பின்னால் வையுங்கள்: 'டேபிள்' என்று மாற்றும்போது கோப்பில் உள்ள இடம் அப்படியே டேபிளுக்கு நகரும், தப்பான இடமாக இருந்தால் தப்பும் சேர்ந்து நகரும். ரிலே லாக் ரெகவரிக்கு சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூரில் சோதனை டேபிள் ஒன்றில் தொடர்ந்து இன்சர்ட் ஓடவிட்டு, குடியாத்தம் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் கொடுத்தோ புரோசஸை கில் செய்தோ பார்ப்பது போதாது, மேலே சொன்ன காரணத்தால் அது இந்தக் கோளாறைக் காட்டாது. திரும்பப் போட்டதும் எஸ்க்யூஎல் திரெட் தானாக ஓடி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போனால் கிளையை விட்டுக் கிளம்பலாம்.